உங்கள் கடை வெப்சைட் கூகுளில் வரவில்லையா? முதலில் இந்த ஒரு டிக்கைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே! காசு கொடுத்து வெப்சைட் போட்டாயிற்று. விசிட்டிங் கார்டிலும் அச்சடித்தாயிற்று. ஆனால் கூகுளில் கடைப் பெயரை அப்படியே போட்டுத் தேடினாலும் நம் சைட் வரவில்லை. யாரோ ஒப்பேற்றிப் போட்ட டைரக்டரி பக்கம்தான் முதலில் வந்து நிற்கிறது. இதற்கு ஒரே ஒரு டிக் காரணமாக இருக்கலாம். நம்ப மாட்டீர்கள், காட்டுகிறேன்.

போனை எடுங்கள். கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியைப் போடுங்கள். (திரையில்: தேடல் பெட்டி.) பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி. ஒன்றுமே வரவில்லையென்றால் பெரும்பாலும் கூகுளின் கணக்கிலேயே நீங்கள் இல்லை.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுளின் ரோபோ சைட்டுகளைச் சுற்றிப் பார்க்கும், குறித்து வைக்கும், யாராவது தேடும்போது வரிசைப்படுத்திக் காட்டும். அவ்வளவுதான், தூங்கிவிடாதீர்கள்.

இப்போது அந்த டிக். உங்கள் சைட் வேர்ட்பிரஸில் (நிறைய பேர் வெப்சைட் கட்டப் பயன்படுத்தும் மென்பொருள்) இருந்தால் அதன் நிர்வாகப் பக்கத்தில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் போங்கள். தேடுபொறிகளே, இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லும் ஒரு பெட்டி கீழே இருக்கும். சைட் பாதி வேலையில் இருக்கும்போது டெவலப்பர் அதை டிக் செய்து வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவதும் வழக்கம்! கடையைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் 'இன்று விடுமுறை' பலகையை மாட்டியதுபோலத்தான். டிக்கை எடுத்துவிட்டு, சைட் உரிமையாளர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் உங்கள் முகவரியைக் கொடுத்து இண்டெக்ஸ் செய்யச் சொல்லுங்கள், அதாவது ரோபோவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இலவசம்தான். ஆனால் அடுத்த நிமிடமே வந்துவிடாது, சில நாள் பொறுங்கள்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 2006 பிப்ரவரியில் கூகுள் ஒரு கார் நிறுவனத்தின் ஜெர்மன் வெப்சைட்டைத் தேடல் முடிவுகளிலிருந்தே தூக்கிவிட்டது. எந்தக் கம்பெனி தெரியுமா? பி.எம்.டபிள்யூ! அவர்கள் செய்தது இதுதான். ரோபோவுக்கென்று தனியாகச் சில பக்கங்கள். அதில் 'பழைய கார்', 'பழைய கார்' என்று ஜெர்மன் மொழியில் திரும்பத் திரும்ப எழுதி நிரப்பியிருந்தார்கள். மனிதர் யாராவது அதைத் திறந்தால், அந்த எழுத்தெல்லாம் கண்ணில் படுவதற்குள் பளபளப்பான வேறொரு பக்கத்துக்குத் தள்ளிவிடும். ரோபோ பார்த்தது ஒன்று, வாடிக்கையாளர் பார்த்தது இன்னொன்று. கூகுளில் ஸ்பாம் பிரிவைக் கவனித்த மேட் கட்ஸ் தன் வலைப்பதிவிலேயே பெயர் சொல்லி எழுதிவிட்டார். பி.எம்.டபிள்யூ அந்தப் பக்கங்களை நீக்கியது, சில நாளில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள்.

பி.எம்.டபிள்யூ என்பதால் உலகமே பேசியது, சீக்கிரம் திரும்பி வந்தது. நம் கடையைத் தூக்கினால் யார் எழுதப்போகிறார்கள்? ஆனால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு ஊர்ப் பெயரை ஒளித்து வைக்கும் வித்தையை இன்றும் சிலர் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். 'கீவேர்ட்ஸ் டேக்', அதாவது பக்கத்தின் கோடுக்குள் தேடல் சொற்களைப் பட்டியல் போடும் இடம், அதை நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களும் உண்டு. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல போட்டோ எடுங்கள்.

சரி, ஆள் உள்ளே வந்துவிட்டார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். வந்தவருக்கு என்ன தெரிய வேண்டும்? கிலோ என்ன விலை, சென்னைக்கு அனுப்பினால் கூரியர் எவ்வளவு, எத்தனை நாளில் வரும், மழைக்காலத்தில் நமுத்துப் போகாமல் எத்தனை நாள் இருக்கும். நம் சைட்டில் என்ன இருக்கிறது? 'நல்வரவு', 'தரமே எங்கள் தாரக மந்திரம்', நகர்ந்துகொண்டே இருக்கும் நாலு படம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனால் பக்கத்தின் தலைப்பு இன்னும் வெறும் 'ஹோம்'! 'கோவில்பட்டி கடலைமிட்டாய்: விலை, கூரியர் விவரம்' என்று மாற்றுங்கள். எந்த வெல்லம் போடுகிறீர்கள், எப்படிக் கட்டி அனுப்புகிறீர்கள் என்பதையெல்லாம் கடைக்காரர்தான் எழுத முடியும், ஏஜென்சிக்குத் தெரியாது.

விலைப் பட்டியலை போஸ்டராக டிசைன் செய்து படமாகப் போடுபவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். படத்துக்குள் இருக்கும் போன் நம்பரைத் தொட்டால் கால் போகாது. பார்வையற்றவரின் திரை வாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது. கூகுள் அதை வைத்து உங்களை மேலே கொண்டுவரும் என்றும் நம்ப வேண்டாம். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள், நம்பரைத் தொட்டதும் டயல் ஆகும்படி வையுங்கள். என்னைக் கேட்டால் ஒரு சின்னக் கடைக்கு இதைவிட லாபமான மாற்றம் கிடையாது.

வேகத்துக்கு ஒரே வரி: கேமராவிலிருந்து வந்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கிப் போட்டு, பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் வேகச் சோதனைப் பக்கத்தில் சோதித்து, பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிகிறதா என்று பாருங்கள்.

கூகுள் மேப்பில் வரும் பிசினஸ் புரொஃபைலும் இலவசம். தீபாவளி வாரத்துக்கான நேரத்தை மாற்றி வையுங்கள், மோசமான ரிவியூ வந்தால் சண்டை போடாமல் பதில் எழுதுங்கள்.

'முதல் இடத்துக்கு கேரண்டி' என்று போன் வரும், கட்டாயம் வரும். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. என்னென்ன வேலை செய்வீர்கள் என்று எழுதிக் கேளுங்கள், பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.

அடுத்த வீடியோவில் உங்கள் சைட்டுகளையே எடுத்துப் பிரித்து மேயப்போகிறோம். ஊரையும் தொழிலையும் கமெண்டில் போடுங்கள், அப்படியே சப்ஸ்கிரைபும் செய்துவிடுங்கள். மெனுவை வெறும் பிடிஎஃப்பாக மட்டும் வைத்திருக்கும் ஓட்டல்காரர்கள் முதலில் வாருங்கள், உங்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.