ஃப்ளாஸ் போச்சு, கிரீன் கார்டுக்காரர்களுக்கு என்ன மிச்சம்?

வணக்கம் மக்களே. கோடையில் நான் இந்தோனேசிய மொழி படித்த வகுப்பு பற்றிய வீடியோவின் கீழே இன்னமும் "ஃப்ளாஸுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்கிறீர்கள். ஃப்ளாஸ் (FLAS) என்பது வெளிநாட்டு மொழி படிக்கும் மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தந்த உதவித்தொகை. எரிச்சல் உங்கள் மேல் இல்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித்துறை அந்த நிதியையே நிறுத்திவிட்டது. சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் கிளப்பிய பதற்றத்தில் 1958-இல் வந்த சட்டத்தில் தொடங்கி ஓடிக்கொண்டிருந்த பணம் அது. முதுகலை, பிஎச்டி மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், அதோடு கல்விக் கட்டணத்துக்கு 18,000 வரை. பதிலுக்கு மொழியையும் அந்த வட்டாரத்தையும் படித்தால் போதும்.

கோடைக்கு 3,500 டாலர்தான். ஆனால் அதற்குப் பட்ட பாடு இருக்கிறதே! ஆரம்ப நிலை, இடைநிலை என்றால் 140 மணி நேரம் வகுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு நாளுக்கு நான்கு பீரியட், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம். 160 வருகிறது, தாராளம் என்றுதானே நினைப்பீர்கள்? பீரியட் 50 நிமிடம்! ஃப்ளாஸ் அலுவலகத்தில் 60 நிமிடக் கடிகார மணிதான் கணக்கு என்றார்கள். 133 மணி 20 நிமிடம். போங்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை உரையாடல் வகுப்பு ஒரு மணி நேரம் நடக்குமே, அதையும் சேர்த்து ஆசிரியரிடம் கடிதம் வாங்கினேன். 141 மணி 20 நிமிடம்! அந்தக் கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஃபிரேம் போட்டு மாட்டாததுதான் குறை.

சரி, மாற்று வழிக்கு வருவோம். போரென் ஃபெலோஷிப் என்ற அரசு உதவித்தொகையில் 25,000 டாலர் வரை வாங்கி வெளிநாட்டில் மொழி படிக்கலாம், ஆனால் மேற்கு ஐரோப்பா கிடையாது. படித்து முடித்ததும் ஒரு வருடமாவது அமெரிக்க மத்திய அரசில் வேலை பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கட்டாயம் பிடிக்கவே இல்லை. சிஎல்எஸ் (Critical Language Scholarship) என்ற அரசு உதவித்தொகை நல்ல திட்டம்: கோடையில் எட்டு முதல் பத்து வாரம், செலவெல்லாம் அவர்களுடையது. ஆனால் பட்டியலில் இருக்கும் மொழிக்குத்தான்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இந்த இரண்டுக்கும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஃப்ளாஸுக்கு கிரீன் கார்டே போதுமானதாக இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அடி விழுந்தது அங்கேதான். கிரீன் கார்டை ஏற்கும் இன்னொன்று, பிஎச்டி மாணவர்கள் வெளிநாட்டில் ஆய்வு செய்யத் தரும் ஃபுல்பிரைட்-ஹேஸ் உதவித்தொகை. அதன் 2025 போட்டியையும் ரத்து செய்துவிட்டார்கள். வெறும் ஃபுல்பிரைட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு.

இப்போதைக்கு என் துறையின் கோடை நிதியைக் கேட்டிருக்கிறேன். கட்டணத்துக்குக் கிடைத்தால் போதும், சாப்பாட்டுக்கு, பாடம் நடத்த உதவும் டிஏ (teaching assistant) வேலையின் சம்பளம் இருக்கிறது. குடியுரிமை உள்ளவர்கள் போரெனுக்கு ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் உள்ளே ஒரு கெடு அதற்கு முன்பே வந்துவிடும். உங்கள் பல்கலைக்கழகத்தின் போரென் பிரதிநிதிக்கு இன்றைக்கே மெயில் போடுங்கள்.