வெல்லும்வரை மட்டுமே அரசன்

அவைத்தலைவர் அவர்களே, அன்பர்களே,

1813ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், டிரெஸ்டன் நகரத்து மாளிகை ஒன்றில் இருவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நெப்போலியன், மற்றவர் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக். அமைதி உடன்பாட்டுக்கு இணங்குமாறு வற்புறுத்தியபோது நெப்போலியன் கூறிய மறுமொழியின் சாரம் இது: பிறப்பாலேயே அரியணை பெற்றவர்கள் இருபது முறை தோற்றாலும் தலைநகருக்குத் திரும்பி அரசாளலாம், தாம் படைவாளால் உயர்ந்தவர், ஆகவே தம்மால் அது முடியாது, தம் வலிமையைக் கண்டு பிறர் அஞ்சுவது நின்றுபோகும் நாளில் தம் ஆட்சியும் நின்றுபோகும்.

இதைப் பதிவு செய்தவர் மெட்டர்னிக்தான். எதிரி, அதிலும் தன் கூர்மையைத் தானே மெச்சிக்கொள்ளும் எதிரி, எழுதிய நினைவுக்குறிப்பை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். எனினும், இந்த ஒரு கூற்றை அவர் புனைந்திருப்பார் என்று நான் எண்ணவில்லை, ஏனெனில் நெப்போலியனின் வாழ்க்கையே அதற்குச் சான்று.

1799 நவம்பரில் செயின்ட் குளூ அரண்மனையில் கூடியிருந்த மக்களவையைத் துப்பாக்கிமுனைக் கத்திகளோடு வீரர்கள் புகுந்து கலைத்தபோது, முப்பது வயதுத் தளபதி ஒருவர் பிரான்சின் தலைவரானார். அந்த வன்செயலின் நினைவை மறைக்க அவர் பிற்பாடு எல்லா மரபுச் சின்னங்களையும் தேடித் தொகுத்துக்கொண்டார். 1804 டிசம்பர் 2 அன்று போப்பாண்டவரைப் பாரிசுக்கே வரவழைத்து, அவர் முன்னிலையில் தம் கையாலேயே முடிசூடினார். சரியாக ஓராண்டு கழித்து, அதே டிசம்பர் 2 அன்று, ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை முறியடித்தார். முன்னது சடங்கு, அதற்குப் பொருள் தந்தது பின்னதுதான்.

வீரர்களின் உள்ளத்தை அவர் அறிந்திருந்த அளவு வேறெந்த மன்னனும் அறிந்திருந்தானா என்பது ஐயமே. 1802இல் வீரப்பதக்கம் ஒன்றை நிறுவ முனைந்தபோது, இவையெல்லாம் விளையாட்டுப் பொம்மைகள் என்று ஆலோசனை மன்றத்தில் ஒருவர் குறை கூறினார். மனிதர்களை நடத்திச் செல்வது அத்தகைய பொம்மைகளைக் கொண்டுதான் என்று அவர் விடையிறுத்ததாகப் பதிவு உண்டு. மறுபுறம், அவருடைய போர்க்கள அறிக்கைகள் உண்மையை வளைத்த அளவைக் கண்ட அதே வீரர்கள், 'அறிக்கையைப் போலப் பொய் சொல்கிறான்' என்றொரு சொலவடையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். பொய்யென்று தெரிந்தும் பின்தொடர்ந்தார்கள், ஏனெனில் அவர் வென்றுகொண்டிருந்தார்.

இனி, இந்த உரையில் நான் மிகுதியாக நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 1812 அக்டோபர் 23 அதிகாலை. நெப்போலியன் மாஸ்கோவை விட்டுப் பின்வாங்கத் தொடங்கி நான்கு நாள்களே ஆகியிருந்தன. பாரிசில், மருத்துவ இல்லமொன்றில் காவலில் வைக்கப்பட்டிருந்த மாலே என்னும் தளபதி தப்பி வெளியேறி, பேரரசர் ரஷ்யாவில் இறந்துவிட்டார் என்று கூறும் போலி ஆவணங்களுடன் படைமுகாமுக்குச் சென்றார். முகாம் அவருக்குக் கீழ்ப்படிந்தது. சிறையிலிருந்த தளபதிகள் இருவர் விடுவிக்கப்பட்டனர். காவல்துறை அமைச்சர் சவாரியே பிடித்துச் சிறையிலடைக்கப்பட்டார். மாவட்ட ஆட்சித் தலைவர் ஃப்ரோஷோ என்பவரோ, புதிய இடைக்கால அரசு அமர்வதற்காக நகர மாளிகையில் அறையை ஆயத்தப்படுத்தச் சொன்னார். சில மணி நேரத்தில் சூழ்ச்சி வெளிப்பட்டது. மாதம் முடிவதற்குள் மாலே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பனியில் பின்வாங்கிக்கொண்டிருந்த நெப்போலியனுக்குச் செய்தி எட்டியபோது, சூழ்ச்சி நடந்தது அவரை அவ்வளவாகச் சுடவில்லை. தம் ஒன்றரை வயது மகனை ஒருவரும் நினைக்கவில்லை என்பதே சுட்டது. பேரரசர் இறந்தார் என்றால் அடுத்த பேரரசர் வாழ்க என்று முழங்குவதுதானே முடியாட்சியின் வழக்கம்? அவருடைய அமைச்சர்களும் தளபதிகளும் அடுத்த அரசு யாருடையது என்று பார்த்தார்களே தவிர, இளவரசன் ஒருவன் இருக்கிறான் என்பது அவர்கள் நினைவுக்கு வரவே இல்லை. முடியும் போப்பும் ஆஸ்திரிய இளவரசியோடு செய்துகொண்ட மணமும் சேர்ந்து எழுப்பிய அரசமரபு, ஒரு விடியற்காலைப் பொய்யைத் தாங்கவில்லை.

எல்லாம் ஒருவரையே நம்பியிருந்த இதே குறையைக் களத்திலும் காணலாம். 1815 ஜூன் 18 அன்று ஏறத்தாழ 33,000 வீரர்களுடன் எதிரிகளான பிரஷ்யரைத் தொடர்ந்து சென்ற அவருடைய தளபதி குரூஷிக்கு, நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ களத்தின் பீரங்கி முழக்கம் கேட்டது. முழக்கம் வரும் திசைக்கே படையைத் திருப்புமாறு உடனிருந்த தளபதி ஜெரார் மன்றாடினார். குரூஷி தமக்கு இடப்பட்ட ஆணையைச் சுட்டி மறுத்தார். குரூஷியைக் கோழை என்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லா முடிவுகளையும் தாமே எடுத்துப் பழகிய தலைவரிடம் ஆண்டுக்கணக்கில் பணி செய்தவர், அன்றும் அப்பழக்கத்தின்படியே நடந்தார்.

செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்தபோது, தாம் வென்ற நாற்பது போர்களின் நினைவை வாட்டர்லூ அழித்துவிடும், ஆனால் தம் உரிமையியல் சட்டத் தொகுப்பு அழியாது என்று அவர் சொன்னதாக உடனிருந்தவர் எழுதியிருக்கிறார். 1804இல் நடைமுறைக்கு வந்த அத்தொகுப்பில் 2,281 விதிகள். வரைந்தவர்கள் நான்கு சட்ட அறிஞர்கள். விவாதித்த அமர்வுகள் பலவற்றுக்கு அவர் தலைமை ஏற்றிருந்தார். மாலே பாரிசைக் கைப்பற்ற முயன்ற அந்தக் காலையிலும் பிரான்சின் நிலப் பத்திரங்களும் திருமணப் பதிவுகளும் அந்த விதிகளின்படியேதான் எழுதப்பட்டன. பேரரசர் உயிரோடு இருக்கிறாரா என்று எந்தப் பதிவாளரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.