வாழைப்பழம் மட்டுமே திங்கிற கெக்கோவ பவுடர் சாப்பாட்டுக்கு மாத்துறது எப்படி? மதுரை வெயிலுக்கு ஏத்த முறை

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீட்டுல வளக்குற கிரெஸ்டட் கெக்கோங்கிற பல்லி ஜாதியோட சாப்பாட்டு விஷயம். கடையில வாழைப்பழ மசியல் குடுத்தே வளத்துடுறாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் நீங்க கெக்கோ பவுடர, அதாவது கெக்கோவுக்குன்னே விக்கிற சாப்பாட்டுப் பவுடர, கரைச்சு வச்சா மோந்து பாத்துட்டு திரும்பிக்கும். ‘பிடிக்கலையாம்’னு மறுபடி பழத்தையே குடுக்குறோம். அங்கதான் சிக்கல்.

100 கிராம் வாழைப்பழத்துல கால்சியம் சுமார் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. கெக்கோவுக்கு வேண்டியது அப்படியே தலைகீழ். பாஸ்பரஸ் ஒரு பங்குன்னா கால்சியம் ரெண்டு பங்கு இருக்கணும். இல்லேன்னா உடம்பு எலும்புல இருந்தே கால்சியத்த உருவ ஆரம்பிச்சிரும். தாடை மெத்துன்னு ஆகும், வால் கோணும், முதுகு வளையும். சிறுமலைப் பழமே ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

சாப்பாட்ட மாத்துறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டரப் பாருங்க. இது நியூ கலிடோனியா தீவுல உள்ள ஜாதி. 22ல இருந்து 26 டிகிரி வரைக்கும் சுகமா இருக்கும். 28ஐ தாண்டுனா பசி போயிரும், இன்னும் ஏறுனா உசுருக்கே ஆபத்து. தெர்மாமீட்டர கூண்டோட மேல் பாதியில மாட்டுங்க, அது ஒக்காருறது அங்கதான். அழகர் ஆத்துல இறங்குற நேரத்துல இந்த மாத்துற வேலையே வேணாம். ஏசி ரூம் இருந்தா எப்ப வேணா செய்யலாம், இல்லாதவங்க ஐப்பசி மழை விழுந்தப்புறம் ஆரம்பிங்க. புதுசா வாங்கிட்டு வந்ததுன்னா ரெண்டு வாரம் பழைய சாப்பாடே போகட்டும். தோல் உரிக்கிற நேரத்துலயும் ஆரம்பிக்காதீங்க.

சரி, கரைக்கிறது. அரை டீஸ்பூன் பவுடர், ஒரு டீஸ்பூன் தண்ணி. போர் தண்ணி வேணாம், ஆறவச்ச குடிதண்ணி ஊத்துங்க. கலக்குனதும் தண்ணியா தெரியும், அவசரப்பட்டு மேல பவுடர் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் விட்டா கெட்டியாகி தோசை மாவுப் பதத்துக்கு வரும். அந்தப் பதந்தான் வேணும். கட்டியா இருந்தா நக்காது.

இப்ப விகிதம். முதல் வாரம் மூணு பங்கு பழ மசியல், ஒரு பங்கு கரைச்ச பவுடர். ரெண்டாவது வாரம் சரிபாதி. மூணாவது வாரம் ஒரு பங்கு பழம், மூணு பங்கு பவுடர். அதுக்கப்புறம் முழுசா பவுடர். பெரிய கெக்கோவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கிறோம், அப்ப ஒரு வாரத்துக்கு மூணு நாலு வேளைதான் கிடைக்குது. அதனால அவசரப்படுத்தாதீங்க. தொடர்ந்து ரெண்டு வேளை தொடவே இல்லைன்னா ஒரு படி பின்னால போங்க. நடுவுல வாழைக்குப் பதிலா பழுத்த பப்பாளி சேக்கலாம், அதுல கால்சியம் பாஸ்பரஸ விட கூடுதல். தேன், சர்க்கரை, வெல்லம் எதுவும் வேணாம். இனிப்புக்குப் பழகுன நாக்க திருப்புறது இன்னும் பெரிய பாடு.

கிண்ணத்த தரையில வைக்கிறதுதான் நிறையப் பேர் பண்ற தப்பு. இது மரத்துல வாழ்றது, கீழ இறங்க யோசிக்கும். கண்ணாடியில ஒட்டுற தட்டுல, பாதி உயரத்துக்கு மேல வைங்க. ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் வச்சு, விடிஞ்சதும் எடுத்துருங்க. நம்ம ஊர் சூட்டுக்கு அதுக்கு மேல விட்டா புளிச்சிரும்.

அப்புறம் எறும்பு. இனிப்பு வாசத்துக்கு வரிசையா வந்துரும். எறும்புச் சாக்பீஸ் கூண்டுப் பக்கமே போகக்கூடாது, அது விஷம். கூண்டுக்கு நாலு கால் இருந்தா ஒவ்வொரு கால் அடியிலயும் தண்ணி ஊத்துன கிண்ணம் வைங்க. காலோட கூண்ட சுவத்துல சாய்க்காதீங்க, அப்புறம் தண்ணி வச்சதே வீண்.

இந்தா பாருங்க, கிட்ட காட்டுறேன். இது காலைல எடுத்த கிண்ணம். ஓரமெல்லாம் காஞ்சு ஏடு கட்டிருக்கு, நடுவுல மட்டும் கோடு கோடா பள்ளம் தெரியுதா? அது நாக்குத் தடம். தடம் தெரியலன்னா ஏமாந்துராதீங்க, அளவு கொறஞ்சது காஞ்சதுனாலயும் இருக்கலாம். அதுக்கு ஒரே அளவு சாப்பாட்ட ரெண்டு கிண்ணத்துல போட்டு எடை பாத்து, ஒன்ன உள்ள, இன்னொன்ன கூண்டு மூடி மேல வைங்க. காலைல ரெண்டையும் எடை போடுங்க. மேல உள்ளது எவ்வளவு கொறஞ்சதோ அது காஞ்சது. கூண்டுக்குள்ள வச்சதுல அதுக்கு மேல கொறஞ்சதுதான் வயித்துக்குள்ள போனது.

கெக்கோவையும் வாரம் ஒருதடவ ஒரே நேரத்துல எடை போடுங்க. 0.1 கிராம் காட்டுற சின்ன தராசு போதும். டப்பால விட்டு எடை பாருங்க, வால பிடிக்காதீங்க. இதுக்கு வால் விழுந்தா மறுபடி முளைக்காது. லெப்பர்ட் கெக்கோ மாதிரி வால்ல கொழுப்பு சேத்து வைக்கிற ஜாதியும் இல்ல, அதனால வாலப் பாத்து ‘தெம்பா இருக்கு’ன்னு சொல்ல முடியாது. 40 கிராம் கெக்கோ 36க்கு வந்துட்டா சாப்பாடு மாத்துறத நிறுத்திட்டு டாக்டர்ட்ட போகணும். ஊர்வன பாக்குறவரான்னு போன்ல கேட்டுட்டு கிளம்புங்க. குட்டிக்கு பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர்ற வேலையே ஆகாது.

மூக்கு நுனியில ஒரு சொட்டு தடவிப் பாக்கலாம், தானா நக்கும். வாயப் பிளந்து ஊட்டாதீங்க.

பூச்சி மட்டுமே தின்னு பழகுனதுன்னா வேற வழி. கிரிக்கெட் பூச்சிய கரைச்ச பவுடர்ல முக்கி இடுக்கியால பிடிச்சு நீட்டுங்க. கெக்கோவோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள தூரத்த விட பூச்சி அகலமா இருக்கக்கூடாது. வாரவாரம் பூச்சியக் கொறச்சு, கிண்ணத்துல கூட்டுங்க. வீட்டுக் கரப்பான்ல மருந்து ஏறியிருக்கும், மின்மினி சுத்த விஷம், ரெண்டும் வேணாம்.

பவுடர் பாக்கெட்ட பிரிச்சதும் சின்னச் சின்ன டப்பாவா பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க. வெளிய எடுத்த உடனே மூடியத் திறக்காதீங்க. டப்பா ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க, இல்லேன்னா உள்ள வேர்த்து கட்டி கட்டி பூஞ்சை பிடிச்சிரும்.