அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வயிறு உப்பினால்

வணக்கம் நேயர்களே. "ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே டாக்டர், அப்புறமும் ஏன் வயிறு இப்படி வீங்குது?" ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் உருவாகாமலே குழந்தை பிறந்துவிடும். அந்தப் பகுதி இறுகியே கிடக்கும், மலம் இறங்காது. 1948-ல் ஸ்வென்சன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் வழிகாட்டியதிலிருந்து, அந்தப் பகுதியை அகற்றிவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைக்கிறோம். ஆனால் ஆசனவாயின் உள்தசை அப்படியேதான் இருக்கும். மலம் வரும்போது தானாகத் தளர வேண்டிய அந்தத் தசை, இந்தக் குழந்தைகளுக்குத் தளர்வதில்லை. அதை வெட்டி எடுக்கவும் முடியாது. எடுத்தால் பிள்ளையால் மலத்தை அடக்க முடியாமல் போகும்.

அடைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம், இழுத்த குடல் முறுக்கியிருக்கலாம், நரம்பணு இல்லாத பகுதி கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். அதனால் மலமிளக்கியின் அளவை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மயக்க மருந்து கொடுத்து உள்ளே பரிசோதிப்பது, மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது, தேவைப்பட்டால் குடல் திசுவைத் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்சி என்று காரணத்தைத் தேட வேண்டும். முறுக்கலோ மிச்சப் பகுதியோ இருந்தால் மறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தசைதான் காரணம் என்றால் அதைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடுவோம். சில மாதங்களில் அதன் வேகம் குறையும், திரும்பப் போட வேண்டியிருக்கும். வளர வளரப் பல பிள்ளைகளுக்குத் தொல்லை தணிந்துவிடுகிறது.

இதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். ஒன்றில் மட்டும் நேரம் கடத்தக் கூடாது. தேங்கிய மலத்தில் கிருமி பெருகி வரும் குடல் அழற்சியைச் சொல்கிறேன். வயிறு உப்பும், காய்ச்சல் அடிக்கும், பிள்ளை சோர்ந்து கிடக்கும், நாற்றத்தோடு தண்ணீராக மலம் பீறிட்டு வரும். இங்கேதான் ஏமாந்துபோகிறோம். மலம்தான் போகிறதே, அடைப்பு எப்படி இருக்கும் என்று நினைத்து, சாதாரண வயிற்றுப்போக்குக்கான மருந்தைக் கொடுத்துவிடுகிறோம். பேதியை நிறுத்தும் மருந்து இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. இந்த அழற்சி உயிரையே பறிக்கக்கூடியது.

மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாகத் திரவமும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, குடலைக் கழுவிவிடுவோம். இது எனிமா அல்ல. எனிமாவை உள்ளே விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். தளராத தசை அதையும் உள்ளேயே தேக்கிவிடும். கழுவும்போது மிருதுவான டியூப் வழியாக வெதுவெதுப்பான சலைனைச் சிறிது சிறிதாக விட்டு, அதே டியூப் வழியாக வெளியே எடுக்கிறோம். தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வோம். வெறும் தண்ணீர் கூடாது; அது ரத்தத்தின் உப்பளவைக் குலைத்துவிடும். பெற்றோரும் இதைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்கிறார்கள். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த புதிதில், தையல் ஆறும் முன்பு, உங்கள் சர்ஜன் சொல்லாமல் டியூப் போடாதீர்கள்.

பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ பிள்ளை துவண்டாலோ இரவென்றும் பார்க்காமல் கிளம்புங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பும் பயாப்சி அறிக்கையும் கையில் இருக்கட்டும். பணியில் இருக்கும் மருத்துவரிடம், "வயித்தால போகுது" என்று தொடங்காமல், "ஹிர்ஷ்ஸ்பிரங் ஆபரேஷன் ஆன குழந்தை" என்பதை முதலில் சொல்லுங்கள்.