அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறீர்களா? கியர்பாக்ஸ் எதுவென்று கேட்காமல் புக் பண்ணாதீர்கள்!

[திரையில்: ஷோரூம் விலைப்பட்டியல். 'ஆட்டோமேட்டிக்' என்ற வரியைச் சுற்றி சிவப்பு வட்டம்]

வணக்கம் மக்களே! அப்பாவுக்கு வயது 65. இடது முழங்காலில் வலி. மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். ஆனால் கடைத்தெரு வரை போய்வர கிளட்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது! அண்ணன், தங்கை எல்லோரும் கூடிப் பேசி, "அப்பாவுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் எடுத்துக் கொடுத்துவிடலாம்" என்று முடிவு செய்கிறீர்கள். ஷோரூமுக்குப் போய் கலர் பார்க்கிறீர்கள், சன்ரூஃப் பார்க்கிறீர்கள், அட்வான்ஸும் கட்டிவிடுகிறீர்கள். அந்தக் காருக்குள் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் நான்கு வகை கியர்பாக்ஸ்கள் இந்த ஒரே லேபிளில் விற்பனையாகின்றன. நான்கும் வேலை செய்யும் விதமே வேறு. அந்த நான்கில் ஒன்றை உங்கள் அப்பா பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல்! எது என்று சொல்கிறேன், இருங்கள்.

முதலில் விலையையும் பாதுகாப்பையும் சட்டென்று முடித்துவிடுவோம். 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும் பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்கு மிகாமலும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அப்பாவுக்கு நாம் பார்க்கும் கார்களில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். பாதுகாப்புக்கு, காரை மோத வைத்துச் சோதிக்கும் பாரத் என்கேப் திட்டம் தரும் ஸ்டார்களைப் பாருங்கள். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முதலாக மோத வைத்துப் பார்த்தபோது ஐந்து காருமே பூஜ்ஜியம் வாங்கின. 2018இல் டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது, 2024இல் மாருதி டிசையரே 5 ஸ்டார் வாங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஸ்டார் குறைந்த காரை அப்பாவுக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: 1. ஏ.எம்.டி.]

2014இல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவுக்கு வந்தது இது. வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர், டியாகோ, பஞ்ச், எக்ஸ்டர் என்று பட்ஜெட் ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலானவை ஏ.எம்.டி.தான். உள்ளே இருப்பது மேனுவல் காரில் இருக்கும் அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு கருவி செய்கிறது, அவ்வளவுதான். விலை குறைவு. மைலேஜ் மேனுவல் அளவுக்கே கிடைக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றும் செலவும் தாங்கக்கூடியது.

கியர் மாறும்போது கார் ஒரு கணம் தயங்கும், தலை லேசாக முன்னால் ஆடும். அது பழகிவிடும். மேட்டில்தான் கவனம் வேண்டும். நம் ஊரில் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றால் பலரும் பிரேக்கைத் தொடுவதில்லை. அரை கிளட்சில், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடி நிறுத்தி வைப்பார்கள். ஏ.எம்.டி.யில் ஆக்சிலரேட்டரை வைத்து அப்படி நிறுத்தினால் கிளட்ச் பிளேட் சூடாகிக் கருகும். பிரேக்கை மிதித்துத்தான் நிற்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குப் போகும் நேரத்தில் கார் பின்னால் உருளாமல் பிடிக்க ஹில் ஹோல்ட் என்ற வசதி உண்டு. நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

[திரையில்: 2. சி.வி.டி. பின்னணியில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம்]

இந்த இடத்துக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்! உங்கள் அப்பா ஆக்டிவா ஓட்டுகிறாரா? ஜூபிடர்? ஸ்கூட்டி பெப்? இல்லை, 80களிலும் 90களிலும் கினெடிக் ஹோண்டா வைத்திருந்தாரா? அப்படியென்றால் அவர் ஓட்டியது சி.வி.டி.! கியர் கிடையாது, கிளட்ச் லிவர் கிடையாது, முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். அடுத்த முறை மெக்கானிக் ஸ்கூட்டரின் இடது பக்க மூடியைக் கழற்றும்போது எட்டிப் பாருங்கள். முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். வேகம் கூடக்கூட முன் கப்பியின் இரண்டு தட்டுகளும் நெருங்கும், பெல்ட் மேலே ஏறும். பின் கப்பியில் தட்டுகள் விலகும், பெல்ட் உள்ளே இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் கியர் மாற்றம். ஒன்று, இரண்டு, மூன்று என்று படியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதால்தான் ஸ்கூட்டரில் கியர் மாறுவதே நமக்குத் தெரிவதில்லை.

இதை முதன்முதலில் பெரிய அளவில் காருக்குள் கொண்டுவந்தது நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி. ஹப் வான் டோர்னே என்பவர் உருவாக்கிய வேரியோமேட்டிக் என்ற அமைப்போடு 1958இல் டாஃப் 600 என்ற குட்டிக் கார் அறிமுகமானது. அதிலும் ரப்பர் பெல்ட்தான். அந்தக் காருக்கு ஒரு வினோதம் உண்டு. முன்னால் எவ்வளவு வேகமாகப் போகுமோ, ரிவர்ஸிலும் அதே வேகத்தில் போகும்! பின்னாளில் நெதர்லாந்தில் பழைய டாஃப் கார்களை வைத்து ரிவர்ஸ் ரேஸே நடத்தினார்கள், அது டிவியிலும் வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

காரின் எடைக்கு ரப்பர் போதாது என்று வான் டோர்னே கம்பெனி அப்புறம் இரும்பு பெல்ட் செய்தது. சுமார் 400 மெல்லிய எஃகுத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, எஃகு நாடாவில் கோத்த பெல்ட். சாதாரண பெல்ட் இழுக்கும், இல்லையா? இது தள்ளும்! துண்டுக்குத் துண்டு முட்டித் தள்ளியே சக்கரத்துக்குச் சக்தி போகிறது. ஒரு பெல்ட் தள்ளி வேலை செய்யும் என்று யார் முதலில் நினைத்தார்களோ, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. எண்ணெயில் நனைந்தபடி ஓடும் இந்தப் பெல்ட்தான் ஹோண்டா அமேஸிலும், நிஸான் மேக்னைட் டர்போவின் சி.வி.டி.யிலும் அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். ஹூண்டாய் ஐ20இல் ஐ.வி.டி. என்ற பெயரில் வருவதும் சி.வி.டி. வகைதான்.

ஓட்டும்போது எப்படி இருக்கும்? நெரிசலில் இதைவிட மென்மையான ஒன்று இந்த விலையில் இல்லை. பிரேக்கை விட்டால் கார் தானாக ஊரும், நின்று நின்று போகும் சாலையில் முழங்காலுக்குப் பெரிய நிம்மதி. ஒரு குறை உண்டு: ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் எஞ்சின் முதலில் கத்தும், வேகம் கொஞ்சம் கழித்துத்தான் வரும். நெடுஞ்சாலையில் விரட்டி ஓவர்டேக் செய்கிறவர்களுக்கு அது எரிச்சல். அப்பா அப்படி ஓட்டக் கூடாது என்பதுதான் நம் விருப்பமும். கியர்பாக்ஸ் எண்ணெயை மட்டும் கம்பெனி சொன்ன நேரத்தில், கம்பெனி சொன்ன எண்ணெயாலேயே மாற்றுங்கள். வெளியில் மலிவு எண்ணெய் ஊற்றும் விளையாட்டு சி.வி.டி.யிடம் வேண்டாம்.

[திரையில்: 3. டார்க் கன்வெர்ட்டர்]

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதேதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே, கிளம்பும் நேரத்தில் உரசித் தேய கிளட்ச் பிளேட் இல்லை. ஏற்றத்தில் நின்று கிளம்புவதில் கில்லாடி. அப்பா ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியேறுகிறார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி போய்வருகிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ பெட்ரோலில் இருக்கிறது. பிரெஸ்ஸாவிலும் இருக்கிறது, ஆனால் அதன் எஞ்சின் 1200 சிசியைத் தாண்டுவதால் வரி வேறு. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

[திரையில்: 4. டி.சி.டி.]

இரண்டு கிளட்ச். ஒன்றிடம் 1, 3, 5 கியர்கள், இன்னொன்றிடம் 2, 4, 6. அடுத்த கியர் எப்போதும் தயாராக இருக்கும், மாறுவது கண் இமைக்கும் நேரம். ஓட்டுவதற்கு இதைவிடச் சுகம் இல்லை, நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் உலர் கிளட்ச் வகை டி.சி.டி.க்கு நெரிசலில் ஊர்ந்து போவது பிடிக்காது, சூடாகும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் டி.எஸ்.ஜி. என்ற தன் 7 கியர் டி.சி.டி.யின் எண்ணெயால் கோளாறு வருகிறது என்று 2013இல் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து எண்ணெயை மாற்றிக் கொடுத்தது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட வகைகள் சூட்டை நன்றாகத் தாங்கும், டாடா அல்ட்ராஸில் இருப்பது அதுதான். ஆனாலும் நான்கில் சிக்கலான, பழுது வந்தால் செலவு கூடிய கியர்பாக்ஸ் டி.சி.டி. வேகம் பிடித்த தம்பிக்கு எடுங்கள், அப்பாவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

எலெக்ட்ரிக் காரில் இந்தத் தலைவலியே இல்லை, மாற்றுவதற்குக் கியரே கிடையாது. சொந்த வீடு, போர்டிகோவில் பிளக் பாயின்ட், தினமும் உள்ளூர் ஓட்டம் என்றால் அதையும் பாருங்கள்.

அப்படியானால் எல்லோரும் சி.வி.டி. எடுத்துவிடலாமா? இங்கேதான் ஒரு முடிச்சு. முழங்காலுக்கு நல்ல சி.வி.டி., மேக்னைட் டர்போ மாதிரி ஒன்றிரண்டைத் தவிர்த்தால், அமேஸ், ஐ20 மாதிரி தாழ்வான கார்களில் இருக்கிறது. ஏறி இறங்க வசதியான உயரமான வேகன் ஆர், பஞ்ச், எக்ஸ்டர் கார்களிலோ ஏ.எம்.டி.! கிளட்ச் மிதிப்பது வலிக்கிறதா, குனிந்து இறங்கி எழுந்திருப்பது வலிக்கிறதா? இதற்கு அப்பாவின் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும். அவரைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். இறங்கும்போது அவர் கையைக் கவனியுங்கள். வெறுமனே காலை வெளியே வைத்து எழுந்துவிட்டால் உயரம் சரி. கதவுச் சட்டத்தைப் பிடித்து, ஒரு மூச்சு விட்டு, உடம்பை இழுத்துக்கொண்டு எழுந்தால் அந்தக் கார் வேண்டாம், எத்தனை ஸ்டார் வாங்கியிருந்தாலும். பஞ்சில் கதவுகள் 90 டிகிரி திறக்கும். விளம்பரத்தில் பார்க்கும்போது சின்ன விஷயம், மூட்டு வலிக்காரருக்குப் பெரிய விஷயம்.

டெஸ்ட் டிரைவ் அப்பாதான் ஓட்ட வேண்டும். நீங்கள் பின் சீட். ஷோரூம்காரர் நேரான நல்ல ரோட்டில் ஒரு சுற்று காட்டிவிட்டு "சூப்பர் சார்" என்பார். விடாதீர்கள். ஏதாவது மாலின் அடித்தள பார்க்கிங் சரிவுக்குப் போகச் சொல்லுங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளம்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அப்பா முகத்தில் பதற்றம் தெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

அப்புறம் சர்வீஸ். மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டே 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முன் 2017இல் செவ்ரோலே விற்பனை நின்றது. அதனால் அப்பா வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்வீஸ் சென்டர் இருக்கும் கம்பெனியாகப் பாருங்கள். நீங்கள் பெங்களூரில் இருக்கலாம், கார் நிற்கப் போவது தென்காசியில்.

பணம் முழுவதும் கட்டுவதற்கும் ரிஜிஸ்ட்ரேஷன் நடப்பதற்கும் முன் காரை நேரில் பாருங்கள். சேசிஸ் நம்பரில் 17 எழுத்துகள். எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.டி. (MAT) என்றால் டாடா. பத்தாவது எழுத்து பொதுவாக வருடம்: ஆங்கில எழுத்து ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். கார் போன வருடத்துச் சரக்கு என்றால் தள்ளுபடி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கடைசியாக, தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். நாற்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது கால், பழக்கத்தில் கிளட்சைத் தேடும். அகலமான பிரேக் பெடல் அகப்படும், ஓங்கி மிதிக்கும், பின்னால் வரும் பஸ் நம்மேல் ஏறும். வயதானவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் விபத்துகள் அதிகமாகி, 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் அதைத் தடுக்கும் கருவியை ஜப்பான் கட்டாயமாக்குகிறது. நம்மிடம் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கார் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்துக்கு அப்பாவோடு போங்கள். இடது கால் ஓரத்தில் இருக்கும் ஃபுட்ரெஸ்டை விட்டு நகரவே கூடாது. பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் மட்டும். அது பழகும் வரை மெயின் ரோடு வேண்டாம். "எனக்குச் சொல்லித் தருகிறாயா" என்று அப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டில் ஏ.எம்.டி. ஓடுகிறதா? கிளட்ச் பிளேட்டை எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், ஊர் பெயரோடு. சமவெளியில் ஓடும் வண்டிக்கும் மலையில் ஓடும் வண்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று சேர்த்துப் பார்த்து, அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.