ஒரு லைசென்ஸ், பல தேதிகள்

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வாளர் என்றால் சட்டென்று புரியாது, பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். எட்டு போடச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்ப்பாரே, அவர்தான்.

எட்டு போடுவதற்கு அவ்வளவு பாடுபடுகிற நம் ஆட்கள், லைசென்ஸ் கைக்கு வந்ததும் அதைப் படிப்பதே இல்லை. போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதா, இனிஷியல் சரியா, அவ்வளவுதான். கார்டு பர்ஸுக்குள் போய்விடும். எப்போது முடிகிறது என்று கேட்டால், "அது இருக்கு சார், இருபது வருஷம்" என்பார்கள். அந்த இருபது வருஷக் கணக்கு 2019-லேயே போய்விட்டது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பக்கத்தில் கார்டு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து எடுக்க வேண்டாம்.

முதலில் நம்பர். டி.என். என்றால் தமிழ்நாடு. அடுத்த இரண்டு இலக்கம் ஆர்.டி.ஓ. ஆபீஸ், வண்டியின் நம்பர் பிளேட்டில் வருகிற அதே எண்தான். 45 திருச்சி, 59 மதுரை வடக்கு, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். அதற்குப் பிறகு வரும் நாலு இலக்கம் லைசென்ஸ் முதன்முதலில் வழங்கப்பட்ட வருஷம். மிச்சம் ஏழு இலக்கமும் வரிசை எண். நம்பரில் 2014 என்று இருந்தால் அதோடு இருபதைக் கூட்டி, 2034 வரை கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் உங்கள் லைசென்ஸ் பிறந்த வருஷம். ஆயுளை வேறு இடத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

ஆயுளுக்கு வருவோம். முன்பெல்லாம் சொந்த வண்டிக்கான லைசென்ஸ் இருபது வருஷம் செல்லும், அல்லது ஐம்பது வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. 2019 செப்டம்பர் 1 முதல் திருத்தச் சட்டம் வந்து, எல்லாம் வயதுக் கணக்காகிவிட்டது. முப்பது வயது நிரம்பாதவருக்கு நாற்பது வயது வரை. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருப்பவருக்குப் பத்து வருஷம். ஐம்பதைத் தாண்டி ஐம்பத்தைந்துக்குள் இருந்தால் அறுபது வயது வரை. அதற்கும் மேலே போனால் ஐந்தைந்து வருஷம்.

இதனால் வீட்டுக்குள் வேடிக்கையெல்லாம் நடக்கும். அண்ணனுக்கு 35, தம்பிக்கு 22 என்று வையுங்கள். இரண்டு பேரும் 2021-ல் ஒரே நாள் போய், ஒரே வண்டியில் எட்டு போட்டு, லைசென்ஸ் வாங்குகிறார்கள். அண்ணனுடையது 2031-ல் முடிந்துவிடும். தம்பிக்கு நாற்பது வயது ஆகிற 2039 வரை செல்லும். "தம்பியோடுதானே வாங்கினேன், அவனுக்கு இன்னும் இருக்கே" என்று அண்ணன் சும்மா இருந்துவிட்டால் தீர்ந்தது. 2019-க்கு முன்னால் வாங்கியவர்கள் குழம்ப வேண்டாம், கார்டில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதுதான். அடுத்த முறை புதுப்பிக்கும்போது புதுக் கணக்கு வரும்.

சரி, செல்லுபடியாகும் தேதி என்று ஒன்றுதான் இருக்கிறதா? இல்லை, இரண்டு இருக்கும். ஒன்றின் பக்கத்தில் என்.டி., இன்னொன்றின் பக்கத்தில் டி.ஆர். என்.டி. என்பது நான்-டிரான்ஸ்போர்ட், அதாவது சொந்த உபயோக வண்டிக்கு. டி.ஆர். என்பது டிரான்ஸ்போர்ட், அதாவது பஸ், லாரி மாதிரி வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிக்கு. டி.ஆர். பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் அந்த உரிமை உங்களுக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். கொடுத்திருந்தால் அது ஐந்து வருஷம்தான் செல்லும். 2019-க்கு முன்பு மூன்று வருஷமாக இருந்தது.

ஆபத்து இங்கேதான். ஒரு லாரி டிரைவரின் கார்டில் என்.டி. 2036 என்று இருக்கிறது, டி.ஆர். போன மாதம் முடிந்துவிட்டது. அவர் கண்ணில் படுவது 2036. சட்டப்படி அவர் தன் பைக்கில் வீட்டுக்குப் போகலாம், லாரியைத் தொடக்கூடாது. டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிற முதலாளிகளுக்கும் சொல்கிறேன், ஜெராக்ஸ் வாங்கி ஃபைலில் போட்டால் மட்டும் போதாது. டி.ஆர். தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

இனி பின்பக்க அட்டவணை. எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்பது கியர் இல்லாத இருசக்கர வண்டி. எம்.சி.டபிள்யூ.ஜி. கியர் உள்ளது, இது இருந்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். எதிர்ப்பக்கம் செல்லாது, ஸ்கூட்டர் லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டக்கூடாது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு லைசென்ஸ் உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்டு, ஆனால் 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். வீட்டில் நிற்கிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 அதற்குள் வராது.

எல்.எம்.வி. என்பது இலகு ரக வாகனம். கார் மட்டும் என்று நினைக்கிறோம், சட்டத்தில் 7,500 கிலோ வரை உள்ள வண்டிகள் இதில் அடக்கம். குட்டி யானை என்று நாம் கூப்பிடுகிற டாட்டா ஏஸ், கால் டாக்ஸி இதற்கெல்லாம் தனியாக டி.ஆர். வேண்டுமா என்பதில் வருஷக்கணக்காக வழக்கு நடந்தது. விபத்து நடந்தால் அதைச் சொல்லியே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுத்தன. வேண்டியதில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. எனக்கு இது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது. ஆனால் ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி, இ-ரிக்‌ஷா போன்றவற்றுக்குத் தனி நிபந்தனைகள் அப்படியேதான் இருக்கின்றன.

அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஒரு தேதி இருக்கும். அது அந்த வகை உங்களுக்குக் கிடைத்த நாள், முடியும் நாள் கிடையாது. பைக்குக்கு 2012, காருக்கு 2020 என்று இருந்தால், எட்டு வருஷம் கழித்து காரைச் சேர்த்திருக்கிறீர்கள். மிகப் பழைய லைசென்ஸ்களில் கனரக சரக்கு, கனரகப் பயணி என்று தனித்தனி வகை பார்க்கலாம். 1994 திருத்தத்தில் அவற்றையெல்லாம் டிரான்ஸ்போர்ட் என்று ஒன்றாக்கிவிட்டார்கள்.

தேதி தாண்டிவிட்டால்? முன்பு முப்பது நாள் சலுகை இருந்தது. அதை நம்பிக்கொண்டு இன்னும் பலர் இருக்கிறார்கள். 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். தேதி முடிந்த மறுநாள் வண்டி எடுத்தாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, அபராதம் 5,000 ரூபாய். பிறகு புதுப்பித்தாலும் புதுப்பித்த நாளில் இருந்துதான் அது செல்லும். நடுவில் விட்ட நாட்களுக்கு உங்களிடம் லைசென்ஸ் இல்லை.

முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாரதி என்கிற அரசு இணையதளத்தில் செய்யலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் ஒன்று-ஏ படிவத்தில் சான்று வாங்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு எந்த வயதானாலும் அது வேண்டும். முடிந்த பிறகு விண்ணப்பிக்கவும் ஒரு வருஷம் உண்டு. அந்த ஒரு வருஷமும் போய்விட்டால், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவரானாலும் சரி, திரும்பவும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டிப் பாஸாக வேண்டும். வணக்கம்.