ஆர்ஹுஸ் போலீஸ்காரர் கேட்ட மன்னிப்பு

[திரையில்: டென்மார்க் வரைபடம். கிழக்குக் கடற்கரையில் ஆர்ஹுஸ்.]

வணக்கம். 2012 கடைசி. டென்மார்க்கோட ரெண்டாவது பெரிய நகரமான ஆர்ஹுஸ்ல, போலீஸுக்குப் பெத்தவங்ககிட்ட இருந்து போன் வர ஆரம்பிக்குது. "எங்க பையனக் காணோம்." விசாரிச்சுப் பார்த்தா, சிரியா. அங்க நடந்த உள்நாட்டுப் போர்ல தீவிரவாதக் குழுக்களோட சேர்ந்து சண்டை போடப் போயிருக்காங்க. 2013 முடியறதுக்குள்ள அந்த ஒரு ஊர்ல இருந்து மட்டும் ஏறக்குறைய 30 பேர். மூணு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர் அது. போனவங்க எல்லாம் யாரோட பையனோ, யாரோ ஒரு டீச்சரோட மாணவனோ.

ஐரோப்பாவுல பல இடங்கள்ல அப்ப கேட்ட குரல் ஒண்ணுதான்: பாஸ்போர்ட்டப் பிடுங்கு, திரும்பி வந்தா ஜெயில்ல போடு. ஆர்ஹுஸ் வேற வழியில போச்சு.

இந்த மாதிரி செய்தி வந்தாலே "மூளைச்சலவை பண்ணிட்டாங்க"ன்னு சொல்லி முடிச்சிடுறோம். எனக்கு அந்த வார்த்தையில உடன்பாடு இல்ல. பையன் சும்மா உக்காந்திருந்தான், யாரோ வந்து மூளையக் கழுவிட்டுப் போயிட்டான்னு அது நினைக்க வைக்குது. அந்த யாரோ வர்றதுக்கு முன்னாடி பையனுக்கு என்ன ஆச்சுன்னு கேட்கவே விடாது.

[திரையில்: பள்ளி வகுப்பறை, வெறும் நாற்காலிகள்.]

ஆர்ஹுஸ்ல ஒரு பையன். சோமாலியாவுல இருந்து வந்த குடும்பம். வகுப்புல இஸ்லாம் பத்தி வாக்குவாதம் வருது. முஸ்லிம்களப் பத்திக் கூட படிக்கிற பொண்ணு சொன்னதக் கேட்டுக் கோபத்துல கத்திடுறான். டீச்சர் தலைமைக்குச் சொல்ல, அங்கிருந்து போலீஸுக்குத் தகவல் போகுது. வீட்டுல சோதனை. அம்மா முன்னாடி அலமாரியெல்லாம் கலைக்கிறாங்க. கடைசியில ஒண்ணுமில்லன்னு ஆயிடுது. ஆனா அதுக்குள்ள பரீட்சை போச்சு. கொஞ்ச நாள்ல அம்மா மாரடைப்புல இறந்துடுறாங்க. இந்த மன உளைச்சல்தான் அம்மாவக் கொன்னுச்சுன்னு அவன் நம்புறான்.

இப்பத்தான் அந்த "யாரோ" வர்றாங்க. ஒரு வீடு. அவன மாதிரியே நாலஞ்சு பேர். சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து வீடியோ. உன் கோபம் நியாயம்னு சொல்ல அந்த வீட்டுல ஆள் இருக்கு. வெளியில அப்படிச் சொல்ல ஒருத்தர்கூட இல்ல.

அப்ப ஒரு போன் வருது. பேசினவர் தோர்லைஃப் லிங்க், ஆர்ஹுஸ் போலீஸ் அதிகாரி. பையன் திட்டுறான். லிங்க் எல்லாத்தையும் கேட்டுட்டு, உனக்கு நடந்ததுக்கு மன்னிச்சிடுங்கிறார். காபி குடிக்கலாம் வான்னு கூப்பிடுறார். போலீஸ்காரர் ஒருத்தர் வாயில இருந்து அந்த வார்த்தை வரும்னு அவன் எதிர்பார்க்கவே இல்ல. போறான். அங்க ஒரு வழக்கறிஞர அறிமுகப்படுத்துறாங்க. அவரும் முஸ்லிம், அவரும் டென்மார்க்ல இதே மாதிரிப் பேச்சக் கேட்டு வளர்ந்தவர். இந்த நாட்டுல முஸ்லிமா கௌரவமா வாழ முடியுமா முடியாதான்னு ரெண்டு பேரும் வாரக்கணக்கா, மாசக்கணக்கா சண்டை போட்டுப் பேசுறாங்க.

[திரையில்: ஒரே மேசையில் போலீஸ், நகராட்சி, பள்ளி, சமூக நலத்துறை.]

இது ஏதோ ஒரு நல்ல மனுஷன் தற்செயலா செஞ்சது கிடையாது. 2005 லண்டன் குண்டுவெடிப்புக்கு அப்புறம், 2007லயே போலீஸும் நகராட்சியும் சேர்ந்து ஆரம்பிச்ச வேலை. பையனப் பத்திக் கவலைன்னா அம்மாவோ டீச்சரோ ஒரே இடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லலாம். வர்ற தகவல்ல நிறைய சாதாரண விடலைப் பருவப் பிரச்சினையாத்தான் இருக்கும். அத அப்படியே பள்ளிக்கும் குடும்ப ஆலோசனைக்கும் அனுப்பிடுவாங்க. கவலைப்பட வேண்டியதுன்னா வழிகாட்டி ஒருத்தர் கூட நடப்பார். அந்த வழிகாட்டிகளுக்கான பயிற்சியில ஆர்ஹுஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ப்ரெபன் பெர்டெல்சனுக்குப் பெரிய பங்கு. வெள்ளை இனவெறிக் கும்பல்ல சிக்கின பசங்களுக்கும் இதே கதவுதான்.

சிரியா போனவங்கள்ல 22 பேர் கிரிம்ஹோய்ங்கிற ஒரே பள்ளிவாசலோட தொடர்புல இருந்தவங்க. மூடுங்கன்னு அரசியல்வாதிங்க கத்தினாங்க. போலீஸ் உள்ள போய் உக்காந்து பேசினாங்க. திரும்பி வந்தவங்க மேல குற்றத்துக்கு ஆதாரம் இருந்தா வழக்கு. இல்லன்னா வைத்தியம், படிப்பு, வீடு. 2014ல புதுசா போனவங்க ஒண்ணு ரெண்டு பேருக்குமேல இல்லன்னு போலீஸ் சொன்னாங்க. எல்லாப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கேன்னு சொல்ல மாட்டேன். அதே நாட்டுல, 2015 பிப்ரவரியில, கோபன்ஹேகன்ல ஒருத்தன் ரெண்டு பேரச் சுட்டுக் கொன்னான். சிறையில இருந்து வெளிய வந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. அவன் தீவிரவாதத்துப் பக்கம் போயிட்டு இருக்கலாம்னு சிறைத்துறை ஏற்கனவே உளவுத்துறைக்கு எழுதியிருந்தது.

சரி, வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கிறது? தாடியும் தொழுகையும் பட்டையும் அடையாளம் கிடையாது. பக்தி தப்பில்ல, அரசியல் கோபமும் தப்பில்ல. கவனிக்க வேண்டியது மாற்றத்தோட வேகத்த. பத்து வருஷ நண்பன ஒரே மாசத்துல ஒதுக்குறது. உயிரா இருந்த கிரிக்கெட் மட்டை, கிட்டார் எல்லாம் விலைக்குப் போறது. "நாங்க", "அவனுங்க"ன்னு பேச்சே ரெண்டாப் பிரியறது. "அவனுங்க" சாகறதுல தப்பில்லன்னு ஒரு நாள் சாதாரணமா சொல்றது. யாருக்கும் காட்டாத இன்னொரு போன். இதுல ஒண்ணு மட்டும் பார்த்துட்டு பயந்துடாதீங்க. நாலஞ்சு சேர்ந்து, சில வாரத்துக்குள்ள நடந்தா, விடாதீங்க. வெறுப்புல இருந்தவன் திடீர்னு ரொம்ப அன்பா மாறி, கடன அடைச்சு, சாமான்கள யார் யாருக்கோ கொடுத்தா, அது கிளம்புறதுக்கான ஏற்பாடா இருக்கலாம். ஆயுதம், பயண ஏற்பாடு, யாரையாவது தாக்கப் போறேன்ங்கிற பேச்சு, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே போலீஸுக்குச் சொல்லணும்.

மத்தபடி, போனப் பிடுங்கி உடைக்காதீங்க. உடைஞ்ச போனோட உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஜன்னலும் மூடிடும். "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத"ங்கிற வார்த்தை வேண்டவே வேண்டாம். அவனக் கூட்டிட்டுப் போக நினைக்கிறவங்க காத்திருக்கிறதே அதுக்குத்தான். வேதத்த எடுத்து வச்சு வாதாடாதீங்க, அதுக்கு அவனுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அவன் மதிக்கிற ஒரு மாமாவோ, பழைய பி.டி. வாத்தியாரோ இருந்தா வரச் சொல்லுங்க.

ராத்திரி சாப்பாடு போட்டுட்டுப் பக்கத்துல உக்காருங்க. "உன்ன யாராவது அவமானப்படுத்தினாங்களா?"ன்னு கேளுங்க. உடனே பதில் வராது. தட்டு காயற வரைக்கும் ஆனாலும் எழுந்து போகாதீங்க.